ஆய்வு முன்மொழிவில் புதுமை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பகுதியில் கடல்பாசி, கூண்டு மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்கு அரசு நிதி கோரும் இளம் ஆய்வாளர்கள், முன்மொழிவின் வரைவை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. கூட்டல் பிழை, விடுபட்ட கையொப்பம் போன்றவற்றை அலுவலக எழுத்தரே பிடித்துவிடுவார். ஆண்டுதோறும் மாறாமல் வருபவை புதுமை குறித்த பத்தியில் நேரும் தவறுகளே.

‘இதுவரை எவரும் செய்யவில்லை’

செய்யாததற்குக் காரணம் இருந்திருக்கலாம். எது தெரியவில்லை என்பதை எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிதி பெற்ற திட்டம் ஒன்றில் இங்கே வழக்கமாக வளர்க்கும் காப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுக் கடல்பாசிக்குப் பதிலாக உள்ளூர்ப் பாசி, மூங்கில் மிதவைக்குப் பதிலாகப் புதுவகைச் சட்டகம், வழக்கமான கயிற்றுக்குப் பதிலாக வேறு கயிறு, கரையோரத்துக்குப் பதிலாக ஆழமான இடம் என நான்கையும் ஒருசேர மாற்றியிருந்தார்கள். வாசிக்கும்போது மலைப்பாகத்தான் இருந்தது. அறுவடைக்குப் போனபோது கயிற்றில் முடிச்சுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஓரா மீன் மேய்ந்ததா, அலை பிய்த்ததா, விதைப்பாசி நலிந்திருந்ததா, கயிறு ஒத்துவரவில்லையா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. வழக்கமான மிதவையில் உள்ளூர்ப் பாசியை மட்டும் மாற்றி, பக்கத்திலேயே காப்பாபைகஸையும் கட்டியிருந்தால், பாசி வளராமல் போனதும் பொதுப்பணத்தில் கிடைத்த ஒரு முடிவாகியிருக்கும். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடங்கியிருப்பார்.

தேர்வுக் குழுவிலும் இத்தகைய முன்மொழிவு இடறுகிறது. கெவின் பூட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் புதிய மருத்துவ ஆய்வு முன்மொழிவுகளுக்கு நிபுணர்கள் குறைந்த மதிப்பெண்ணே வழங்கியது தெரியவந்தது. இதைக் காட்டி மதிப்பீட்டாளர்களைக் குறை கூறுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் சுமார் 1.79 கோடி ஆய்வுக் கட்டுரைகளை அலசி பிரையன் உஸ்ஸி குழுவினர் 2013-இல் கண்டது, பெரும்பகுதி நிலைபெற்ற அறிவின்மீது நின்று, சிறு பகுதியில் வழக்கத்துக்கு மாறான இணைப்பைச் செய்த கட்டுரைகளே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டன என்பதாகும்.

இதற்கு நம் கரையிலேயே சான்று இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010-இல் இந்தியாவில் முதன்முறையாகக் கோபியா என்னும் கடல்விராலைச் செயற்கைச் சூழலில் முட்டையிடச் செய்தது. தைவானில் 1990-களிலேயே இந்த மீனின் குஞ்சு உற்பத்தி நடந்துவந்தது. தாய்மீனுக்கு ஹார்மோன் ஊசி செலுத்தும் முறையும் பழையதே. நம் கடலில் பிடித்துக் கூண்டில் வளர்த்த தாய்மீனிடம் அது பலிக்குமா என்பதே விடை தெரியாத கேள்வி.

மதிப்பீட்டாளருக்கு அஞ்சிப் புதுமையை ஒளிப்பது

முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் பக்கம்வரை தேட எவருக்கும் பொறுமை இராது.

அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்வது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடல் அட்டை 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வனத்துறை அனுமதிக்கான காலத்தைத் திட்ட அட்டவணையிலேயே காட்டுங்கள்.

காற்றை மறப்பது

தென்மேற்குக் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் வடகடலான பாக் நீரிணைப் பகுதியில் மிதவை நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பாக் நீரிணையில் களப்பணி என்று எழுதிய முன்மொழிவை, இக்கரையை அறிந்த மதிப்பீட்டாளர் அந்த வரியிலேயே மூடிவைத்துவிடுவார்.