ஆஸ்பிரின் அளவு மீறினால்: காதிரைச்சலையும் மூச்சு வேகத்தையும் கவனியுங்கள்

இதய நோயாளி உள்ள வீடுகளில் ஆஸ்பிரின் பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே இருப்பதால், அது அளவு மீறியதன் அடையாளங்களை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காதில் விடாத இரைச்சல், வாந்தி, மிகுந்த வியர்வை, ஓடி வந்தவரைப் போல வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். மனக்குழப்பமும் வலிப்பும் தோன்றினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஒரே வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 150 மில்லிகிராமுக்கு மேல் சென்றால் நச்சு விளைவு ஏற்படலாம். ஆகவே சிறு குழந்தைகளுக்குச் சில மாத்திரைகளே ஆபத்தாகிவிடும். குடலில் கரையும்படி மேற்பூச்சு இடப்பட்ட மாத்திரைகளில் அறிகுறிகள் பல மணி நேரம் தாமதமாகத் தெரியக்கூடும் என்பதால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கத் தூண்டாமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அவர் வேண்டுமென்றே விழுங்கியிருந்தாலும் கடிந்து பேசாமல் அருகிலேயே இருங்கள். ஆஸ்பிரினுக்கென்று தனி முறிமருந்து இல்லை. தொடக்கத்திலேயே சென்றால், வயிற்றில் எஞ்சிய மருந்தை ஈர்த்துக்கொள்ள மருத்துவக் கரித்தூள் தருவார்கள். பிறகு சோடியம் பைகார்பனேட்டை இரத்தக் குழாய் வழியே செலுத்திச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்கி நஞ்சை வெளியேற்றுவார்கள். கடுமையான நிலையில் டயாலிசிஸ் தேவைப்படும்.