நிகழ்ச்சித் தரவு கேட்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஒரு சேனலில் நாளை இரவு எட்டரைக்கு என்ன வரும் என்பது தகவல். எட்டரைக்கு வருகிற நிகழ்ச்சி படைப்பு. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு, சட்டம் வேறு, கேட்டு வாங்கும் வழியும் வேறு. பொது ஒளிபரப்பாளர்களின் தரவைப் பற்றி எழும் சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால் வருவது. குழப்புவது, ஒரு தளத்துக்கோ ஆய்வுக்கோ இந்தத் தரவைக் கேட்கிற நாம் மட்டுமல்ல, கொடுக்க வேண்டியவர்களும்தான்.

அயர்லாந்தில் 1980களில், அந்த வாரம் டிவியில் என்னென்ன வருகிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ள மூன்று வார இதழ்கள் வாங்க வேண்டியிருந்தது. அயர்லாந்தின் ஆர்டிஇ, பிரிட்டனின் பிபிசி, ஐடிவி என்று மூன்று ஒளிபரப்புத் தரப்பும் தங்கள் வாரப் பட்டியலைத் தங்கள் இதழில் மட்டும்தான் போட்டன, நாளிதழ்களுக்கு அன்றன்றைய பட்டியல் மட்டும் கிடைத்தது. மகில் என்ற பதிப்பகம் மூன்றையும் சேர்த்து ஒரே இதழாகப் போட்டதும், பதிப்புரிமை எங்களுடையது என்று நீதிமன்றத் தடை வாங்கிவிட்டார்கள். அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995 ஏப்ரலில்தான் முடிந்தது. வேறு எங்கும் கிடைக்காத தகவலைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தது, சந்தையில் இருக்கும் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதுதான் என்று தீர்ப்பு வந்தது. பிரிட்டனில் அதற்கு முன்பே 1990 ஒளிபரப்புச் சட்டம் வந்து, 1991 மார்ச்சிலிருந்து கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாரப் பட்டியலை வெளியிடலாம் என்று ஆகியிருந்தது.

இந்த வழக்கைக் காட்டி “பட்டியலுக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டார்களே” என்று எழுதுகிறவர்கள் நிறைய. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அது, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கிற போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. பதிப்புரிமை இருந்தும், கொடுக்கத்தான் வேண்டும் என்றது. பட்டியலுக்குப் பாதுகாப்பு எவ்வளவு என்ற கேள்வியில் நமக்குச் சாதகமான தீர்ப்புகள் வேறு. 2004-ல் குதிரைப் பந்தயத் தரவு வழக்கில் அதே ஐரோப்பிய நீதிமன்றம், தரவை உருவாக்கச் செய்த செலவு தரவுத்தள உரிமையில் (தரவைத் திரட்டச் செலவு செய்தவருக்கு ஐரோப்பாவில் இருக்கும் தனிப் பாதுகாப்பு) கணக்கில் வராது, ஏற்கெனவே இருக்கும் தரவைத் தேடித் திரட்டச் செய்த செலவுதான் வரும் என்றது. எந்த நிகழ்ச்சி எப்போது என்று தானே முடிவு செய்கிற ஒளிபரப்பாளருக்கு அந்த உரிமையைக் கோருவது இதனால் சிரமம். இந்தியாவில் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் இருந்தால்தான் பதிப்புரிமை என்றது.

ஆக தலைப்பு, நேரம், சேனல், எபிசோட் எண் இவற்றை எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கதைச்சுருக்கம் அப்படி இல்லை. இரண்டே வரியானாலும் ஒருவர் உட்கார்ந்து எழுதியது அது. ஸ்டில் போட்டோவும் அப்படியே. பட்டியலோடு சேர்ந்து வருவதால் இவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, பிறகு நோட்டீஸ் வந்ததும் மொத்தத் தளத்தையும் மூட வேண்டியிருக்கும். சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள்.

அடுத்த தவறு, படிக்க முடிகிறது என்றால் பயன்படுத்த அனுமதி இருக்கிறது என்று நினைப்பது. பிபிசி 2005-ல் பேக்ஸ்டேஜ் என்ற திட்டத்தில் தன் தரவை வெளியாருக்குத் திறந்துவிட்டது, வணிக நோக்கம் கூடாது என்ற நிபந்தனையோடு. 2010 கடைசியில் அதை மூடிவிட்டார்கள். 2007-ல் ஒவ்வொரு எபிசோடுக்கும் நிலையான ஒரு பக்கம் கொடுத்து, முகவரியின் முடிவில் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்று சேர்த்தால், கணினி நிரல்கள் படிக்கக்கூடிய அந்த வடிவங்களில் தரவு வரும்படி செய்தார்கள். அருமையான வேலை அது, ஆனால் அந்த வழிகளில் பலவும் பிறகு நிறுத்தப்பட்டன. எடுக்கும் நாளிலேயே உரிம வாசகத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள், தேதியோடு. திறந்திருப்பது எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

அந்த 2007 வேலையிலிருந்து கற்றுக்கொள்ள இன்னொன்று உண்டு, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தலைப்பை வைத்தே நிகழ்ச்சிகளை இணைப்பது. ‘டாக்டர் ஹூ’ என்று 1963-ல் ஒரு தொடர் தொடங்கி 1989 வரை ஓடியது, 2005-ல் அதே பெயரில் மறுபடி வந்தது. தலைப்பை நம்பினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிபிசி தொடருக்கு ஓர் அடையாள எண், எபிசோடுக்கு ஒன்று, அந்த எபிசோடின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக ஒன்று கொடுத்தது. சைகை மொழியோடு வருவது ஒரு வடிவம், வெட்டிச் சுருக்கியது இன்னொன்று. ஒவ்வொரு ஒளிபரப்பும் தனிப் பதிவு. எதற்கு இவ்வளவு என்றால், இணையத்தில் எத்தனை நாள் வைக்கலாம், எந்த நாட்டில் காட்டலாம் என்ற உரிமைகள் தலைப்புக்கு வருவதில்லை, குறிப்பிட்ட வடிவத்துக்கும் குறிப்பிட்ட ஒளிபரப்புக்கும்தான் வருகின்றன. ஒரே எபிசோட், ஒன்று பார்க்கக் கிடைக்கும், ஒன்று கிடைக்காது. தரவில் இந்த அடுக்குகளை ஒன்றாக நசுக்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

பிபிசியில் வந்தது எல்லாம் பிபிசிக்குச் சொந்தம் என்பதும் தவறு. 2003 தகவல்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு வெளித் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் நிகழ்ச்சியின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். அது போக எழுத்தாளர், நடிகர், இசை என்று ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம்.

பழைய பட்டியலை ஆதாரமாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று. 2014-ல் வந்த பிபிசி ஜீனோம் என்ற இணையதளம், பிபிசியின் நிகழ்ச்சி வார இதழான ‘ரேடியோ டைம்ஸ்’ 1923 முதல் 2009 வரை வெளியிட்ட பட்டியல்களைத் தேடும்படி வைத்திருக்கிறது. அதில் இருப்பது திட்டமிட்டது, ஒளிபரப்பானது அல்ல. 1939 செப்டம்பர் 1 அன்று போர் காரணமாகப் பகலிலேயே டிவி சேவையை நிறுத்தினார்கள், 1946 ஜூன் வரை திரும்பவில்லை. ஆனால் அன்றைய மாலைக்கும் மறுநாளுக்கும் உரிய நிகழ்ச்சிகள் அந்த வார இதழில் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. அப்படியே எடுத்தால் நடக்காத ஒளிபரப்பு வரலாறாகிவிடும். அதே சமயம், டேப்களை அழித்து மறுபடி பயன்படுத்திய காலத்தில் காணாமல் போன எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு மிஞ்சிய தடயம் இந்தப் பட்டியல் வரிதான். அதனால்தான் இது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். மக்கள் பணத்தில் எடுத்த நிகழ்ச்சி அழிந்த பிறகு, அப்படி ஒன்று இருந்தது என்ற தகவலையும் பூட்டி வைக்க யாருக்கும் நியாயம் இல்லை.

நம் ஊரில் இதை முயல்கிறவர்கள், தூர்தர்ஷன் பொதுச் சொத்து, எனவே எல்லாம் பொது என்று கிளம்ப வேண்டாம். அலைவரிசை பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அலைவரிசையைப் பற்றித்தான். பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்புக்கு 25 ஆண்டும் அரசுப் படைப்புக்கு 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. முக்கியமான விளையாட்டுப் போட்டிகளின் சிக்னலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிரச் சொல்லும் 2007 சட்டமும் நமக்கு மறுபயன்பாட்டு உரிமை எதையும் தரவில்லை.

சரி, எப்படிக் கேட்பது? ஒரே கடிதத்தில் தரவையும் காட்சிப் பதிவையும் கேட்காதீர்கள். பதிவுக்கு உரிமைச் சிக்கல் இருக்கும், அதைக் காட்டி இரண்டுக்கும் சேர்த்து இல்லை என்று பதில் வரும். பட்டியலைத் தனியாகக் கேளுங்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த நிலையம், என்னென்ன விவரம் என்று எழுதி. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரசார் பாரதியும் பொது அதிகார அமைப்புதான், அந்த வழியும் இருக்கிறது. மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.