வெயிலில் நாய்க்கு ஈரச் சாக்கு

நெல் பிடிக்கும் சணல் சாக்கு ஒன்றை நனைத்துப் பிழிந்து, காற்றோடும் நிழலில் விரித்து, நாயை அதன்மேல் படுக்க விடுங்கள். ஆனால் அதை முதுகில் போர்த்தாதீர்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ரோமம் குறைவு என்பதால் ஈரத்தின் குளிர்ச்சி அங்கே சட்டென்று ஏறும். முதுகில் போர்த்தினால் சாக்கு கொஞ்ச நேரத்தில் சூடாகி, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் அடைத்துவிடும். யூரியா சாக்கு கூடவே கூடாது. அது தண்ணீரை உறிஞ்சாது, ஒட்டியிருக்கும் உரத்தை நாய் நக்கினால் வாந்தி, வயிற்றுக் கோளாறு வரலாம்.

அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இது நன்றாகவே கைகொடுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் காற்று ஓயும் நாளில் ஈரம் காயாது, அதனால் பலனும் குறைவு, மின்விசிறி வேண்டும். நாய் தள்ளாடினாலோ, ஈறு கடுஞ்சிவப்பாகி எச்சில் கெட்டியாக வடிந்தாலோ சாக்கை நம்பி உட்காராதீர்கள். உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.