ஸ்ட்ரோலர் போர்வை தைக்கலாம் வாங்க: பஞ்சு வேண்டாம், இரண்டு துணி போதும்

இந்த வெயிலில் பிள்ளைக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள், ஒருமுறை கைக்குழந்தையோடு இ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூர் போய் வரட்டும். சுங்கை சிப்புட்டில் ஏறும்போது வேர்த்து ஒழுகிய பிள்ளைக்குத் தஞ்சோங் மாலிம் வருவதற்குள் கை கால் சில்லிட்டுவிடும். கிளினிக்கிலும் பேரங்காடியிலும் அதே ஏர்கோன்தான்.

கடையில் தொங்கும் போர்வைகளில் பல, பாலியஸ்டர் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தவை. ஏர்கோனை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை புழுங்கி அழும். வருடக் கடைசி மழையில் துவைத்தால் லேசில் காயாது, ஈரவாடை வேறு. நம் ஊருக்குப் பஞ்சே வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு பருத்தித் துணியைச் சேர்த்துத் தைத்தால் போதும். நேராக ஒரு கோடு தைக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். நூல் கோப்பது, பாபின் சுற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

துணி

மேல்பக்கத்துக்குப் பாத்தேக் கைலி. கட்டித் துவைத்து மெத்தென்று ஆன பழையது வீட்டில் இருந்தால் இன்னும் விசேஷம். அடிப்பக்கத்துக்கு மெல்லிய பிளானல், அதாவது பொசுபொசுவென்று இருக்கும் பருத்தித் துணி. புதிதாக வாங்குவதென்றால், 110 செ.மீ. அகலத் துணியில் மேலுக்கு 1 மீட்டர், பிளானல் 1.10 மீட்டர். பிளானல் அதிகம் சுருங்கும், அதனால்தான் அந்தக் கூடுதல். ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் போனால் துண்டுத் துணிக் கூடையையும் கிளறிப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் இரண்டையும் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பாத்தேக்கைத் தனியாக ஊறப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிள்ளை வாயில் வைத்துச் சப்பப்போகிற துணி இது.

இன்னும் வேண்டியவை: 2 செ.மீ. அகலப் பருத்தி நாடா, கொஞ்சம் வெல்குரோ, பாலியஸ்டர் நூல், புது ஊசி. பிளானல் சேர்வதால் 14ஆம் நம்பர் ஊசி நல்லது.

வெட்டுதல்

தைத்து முடித்த அளவு 70க்கு 90 செ.மீ. இருந்தால் பெரும்பாலான பிள்ளை வண்டிகளுக்குச் சரியாக வரும். இதைவிடப் பெரிதாக வேண்டாம். தொங்குகிற துணி சக்கரத்தில் மாட்டினால் வண்டி சட்டென்று நின்றுவிடும். முதலில் போய் மாட்டுவது மூலைதான். அதனால் நான்கு மூலையிலும் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, சாக்கில் வளைவு வரைந்து வெட்டிவிடுங்கள். திருப்பும்போது மூலையைக் குத்தி எடுக்கும் வேலையும் மிச்சம்.

பாத்தேக்கை 72க்கு 92 வெட்டுங்கள். பிளானலை 76க்கு 96. தப்பாகச் சொல்லவில்லை, அடித்துணி பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

நாடாவில் 18 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றிலும் வெல்குரோவின் மெத்தைப் பகுதியை ஒரு முனைக்கு 3 செ.மீ. உள்ளேயும், முள் பகுதியை மறு முனையிலும் தைக்க வேண்டும். இரண்டுமே நாடாவின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வண்டிக் குழாயைச் சுற்றி வந்து தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். முடிச்சுப் போடும் நீளக் கயிறு வேண்டவே வேண்டாம், கழுத்தில் சுற்றும்.

தைத்தல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பிளானலை நல்ல பக்கம் மேலே வரும்படி விரித்து, அதன்மேல் பாத்தேக்கை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி நடுவில் வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து 30 செ.மீ. கீழே, இரண்டு பக்கத்திலும் நாடாவை இரண்டு துணிக்கும் நடுவில் நுழைத்துவிடுங்கள். மெத்தைப் பகுதி இருக்கும் முனை பாத்தேக் விளிம்போடு சேரட்டும். மீதி நாடா போர்வைக்கு உள்ளே படுத்திருக்க வேண்டும், திருப்பும்போது அது தானாக வெளியே வரும்.

இனி மெஷின் செய்கிற குறும்பைப் பார்ப்போம். கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் இழுத்துக்கொண்டு போகும். மேலே அழுத்தும் ஃபுட், மேல்துணியைப் பின்னால் பிடித்துவைக்கும். ஒரு பக்கம் முழுவதும் தைத்து மூலைக்கு வந்தால், மேல்துணி ஒரு விரல் அகலம் மிஞ்சிப் போய் அங்கே சுருக்கம் விழும். ஒன்று வழுவழு, ஒன்று பொசுபொசு என்றால் கேட்கவே வேண்டாம்.

இரண்டும் ஒரே அளவாக இருந்தால் விளிம்போடு விளிம்பு சேர்க்கிறேன் என்று இழுத்துப் பிடிப்போம், போர்வை கோணிக்கொள்ளும். அடித்துணி பெரிதாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை. மேல்துணி கொஞ்சம் நகர்ந்தாலும் அதன் விளிம்பை மட்டும் பார்த்து 1 செ.மீ. உள்ளே தைத்துக்கொண்டே போகலாம், மிச்சப் பிளானலைப் பிறகு கத்தரித்துவிடலாம். குண்டூசியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தையலுக்குக் குறுக்கே குத்திக்கொண்டு வாருங்கள். கையால் பெரிய பெரியதாக நூலோட்டம் போட்டுவிட்டால் அதைவிட உத்தமம். இதற்கென்று விற்கும் விசேஷ ஃபுட்டை வாங்க ஒரே ஒரு போர்வைக்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

கீழ் விளிம்பில், வளைவு இல்லாத நேர்ப் பகுதியில் 12 செ.மீ. திறந்து விடுங்கள். இரு முனையிலும் முன்னும் பின்னும் தைத்து நூலைப் பூட்டுங்கள். தைத்த பின் மிச்சத்தை வெட்டி, வளைவுகளில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன முக்கோணமாகக் கத்தரித்து, திறப்பு வழியாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள். திறப்பின் விளிம்புகளை உள்ளே மடித்து, சுற்றிலும் 5 மி.மீ. உள்ளே ஒரு மேல்தையல். தையல் நீளம் 3. திறப்பும் அதோடு மூடிவிடும். கடைசியாக, பாத்தேக் பூவையொட்டி நடுவில் இரண்டு நீளக் கோடு தையுங்கள். துவைத்தாலும் இரண்டு துணியும் பிரிந்து உப்பாது.

போர்த்தும்போது

நெஞ்சுவரை மட்டும். கைகள் வெளியே இருக்கட்டும். வெயிலுக்கு மறைப்பாக வண்டியின் கூரைமேல் போட்டு மூடாதீர்கள். துணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், பிள்ளையின் முகமும் தெரியாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தொட்டிலில் தூங்கும்போதும் இது கூடாது.

பிறகு சேர்த்தது

மிதி மெஷின் வைத்திருக்கும் ஓர் அக்கா, நூலோட்டம் போட்டும் மேல்துணி தள்ளுகிறது என்று எழுதியிருந்தார். பழைய சிங்கரில் ஃபுட் கம்பியின் உச்சியில் ஒரு திருகு இருக்கும். அதை இடப்பக்கமாகக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். வேறு துணித் துண்டில் தைத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வெல்குரோ பிள்ளையின் சட்டையை எல்லாம் இழுத்து நூல் கிளப்புகிறது என்று இன்னொருவர் சொன்னார். துவைக்கும் மெஷினில் போடுவதற்கு முன் ஒட்டி மூடிவிட்டால் போதும்.

இரட்டைப் பிள்ளை வண்டிக்கு அகலமாக ஒன்று தைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தனித்தனியாக இரண்டு தையுங்கள். ஒருவன் உதைத்துத் தள்ளினால் மற்றவனுடையதும் சேர்ந்து போய்விடும்.