கோர்ட் அனுமதி ஏர்போர்ட் தாண்டாது

எச்-1பி வேலை விசாவில் கலிபோர்னியா வந்திருப்பவர்களுக்கு இது. ஊரில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், கோர்ட்டில் பத்தாயிரம் கட்டி வண்டியை எடுத்து வருவதோடு பெரும்பாலும் விஷயம் முடியும். இங்கே அபராதம் கட்டிய பிறகுதான் கதையே ஆரம்பம். முதல் தடவை என்றாலும் 3 முதல் 5 வருடம் ப்ரொபேஷன் (கோர்ட்டின் நன்னடத்தைக் கண்காணிப்பு), குறைந்தது 3 மாதம் டி.யு.ஐ. (குடித்துவிட்டு ஓட்டுதல்) வகுப்பு, லைசென்ஸ் முடக்கம். ப்ரொபேஷன் முடியும்வரை, ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்ற வழக்கமான வரம்பு உங்களுக்குக் கிடையாது; 0.01 காட்டினாலே மாட்டினீர்கள். இதெல்லாம் வக்கீலே சொல்லிவிடுவார். எங்களுக்கு அவர் சொல்லாதது கஞ்சா விஷயம்.

ஃப்ரீமாண்டில் என்னோடு தங்கியிருந்த மதுரைத் தம்பி ஒருவன். டி.யு.ஐ. ப்ரொபேஷனில் இருந்தான், தீராத முதுகுவலி வேறு. டாக்டர் கஞ்சாவைப் பரிந்துரைத்தார். இங்கே மருத்துவக் கஞ்சாவுக்கு 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. ப்ரொபேஷனில் இருப்பவர் நீதிபதியிடம் கேட்டு அனுமதி வாங்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டான், கிடைத்தது. "ஜட்ஜே சரின்னுட்டார்ண்ணே" என்று அந்தத் தாளை லேமினேட் செய்துகொண்டு வந்தான். நானும் கைகொடுத்தேன், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

விசா கொடுப்பது கலிபோர்னியா இல்லையே! அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்றைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலம் அனுமதித்தது, ஜட்ஜ் அனுமதித்தார் என்பதெல்லாம் குடிவரவு அதிகாரியிடம் செல்லாது. க்ரீன் கார்டு இருப்பவர்களும் மெத்தனமாக இருக்க வேண்டாம்; குடியுரிமை கேட்கும்போது இதே கேள்வி வரும்.

குடித்துவிட்டு ஓட்டிக் கைதானபோதே அவனுடைய விசாவை ரத்து செய்து மெயில் வந்திருந்தது. இங்கேயே இருந்தவரை வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், ஒரே பையன், போகாமல் எப்படி? போனான். பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங்குக்கு மருத்துவப் பரிசோதனை கேட்டார்கள். அங்கே டாக்டர் கேட்டதும் அந்த லேமினேட் தாளை எடுத்துப் பெருமையாக நீட்டியிருக்கிறான், பாவி. 12 மாதம் கஞ்சாவைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வேலையும் போயிற்று.

அதனால், டி.யு.ஐ. வக்கீல் ஒருவர் போதாது. ப்ரொபேஷன் தாளில் கையெழுத்துப் போடும் முன்பே குடிவரவு வக்கீலையும் பாருங்கள். வலிக்கு வேறு மருந்து கேளுங்கள். கஞ்சா கலந்த 'gummy' மிட்டாய்தானே என்று வாயில் போடாதீர்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்றா? டிக்கெட் போடும் முன் வக்கீலிடம் சொல்லுங்கள். அதிகாரியிடம் மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள், அது ஆயுளுக்கும் கதவைச் சாத்திவிடும்.

அவனுடைய கொரோலா இன்னும் எங்கள் பார்க்கிங்கில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன்.