வங்கிப் பங்கு ஸ்ப்ளிட் ஆனால்: வரிக் கணக்கில் கையைச் சுடும் தவறு

2024 மே 15 அன்று கனரா வங்கியின் ₹10 முகமதிப்புப் (பங்குக்கு நிறுவனம் குறித்திருக்கும் மதிப்பு; சந்தை விலை அல்ல) பங்கு ஒவ்வொன்றும் ₹2 முகமதிப்புள்ள ஐந்து பங்குகளானது. இப்படி ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பதுதான் ஸ்ப்ளிட்; சந்தை விலையும் அதற்கேற்ப ஐந்தில் ஒன்றாகும். அன்று காலை திரையில் 80% சரிவு என்று சிவப்பில் காட்டியதைப் பார்த்துப் பதறி விற்பது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பணம் கரைவது வேறு இடத்தில், வரிக் கணக்கில்.

ஸ்ப்ளிட்டை போனஸாக எழுதுவது

டீமேட்டில் (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கில்) 100 பங்கு இருந்த இடத்தில் 500 நிற்கும். கூடுதலான 400-ஐ ‘சும்மா வந்தது’ என்று நினைத்து, அடக்கவிலை (லாபத்தைக் கணக்கிட விற்ற விலையிலிருந்து கழிக்கும் வாங்கிய விலை) பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விதி போனஸுக்கு, அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்குக்கு மட்டும்தான். போனஸ் பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம். வைத்திருந்த காலமும் அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓடும். ஸ்ப்ளிட்டில் பழைய அடக்கவிலையே ஐந்தாகப் பிரியும், வாங்கிய தேதி மாறாது.

ஒரு கணக்கு. 2023 பிப்ரவரியில் ₹300 வீதம் 100 பங்கு, முதலீடு ₹30,000. 2024 டிசம்பரில் 500 பங்கையும் ₹105 வீதம் விற்றால் ₹52,500. ஒரு பங்கின் அடக்கவிலை ₹60, லாபம் ₹22,500. ஓராண்டு தாண்டிவிட்டதால் அத்தனையும் நீண்டகால லாபம். ஆண்டுக்கு ₹1,25,000 வரை வரி இல்லை. வேறு நீண்டகால லாபம் இல்லாதவர் ஒரு பைசாகூடக் கட்ட வேண்டாம்.

போனஸ் என்று எழுதினால்? 100 பங்கில் ₹19,500 நீண்டகால நஷ்டம். மே மாதம் ஒதுக்கியதாகக் கொண்டால் டிசம்பரில் ஓராண்டு ஆகாததால், 400 பங்கில் ₹42,000 குறுகியகால லாபம். கூட்டிப் பார்த்தால் அதே ₹22,500 வருகிறது. அதனால்தான் தவறு கண்ணில் படுவதே இல்லை. ஆனால் நீண்டகால நஷ்டத்தைக் குறுகியகால லாபத்தில் கழிக்க முடியாது. ₹42,000-க்கு 20%, அதன்மேல் 4% செஸ், ஆக ₹8,736. கட்டவே வேண்டாத வரி இது! வாங்கியபோது தரகர் தந்த ஒப்பந்தச் சீட்டை எடுத்து, வாங்கிய விலையை ஐந்தால் வகுக்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் இவ்வளவு பணத்தை விடுவதைப் பார்க்கும்போது ஆற்றாமையாக இருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒரு டீமேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பங்கை மாற்றும்போது புதுத் தரகருக்கு வாங்கிய விலை தெரியாது; நம்மையே உள்ளிடச் சொல்வார். சீட்டில் உள்ள ₹300-ஐ அப்படியே 500 பங்குக்கும் அடித்தால், மேலே சொன்ன அதே விற்பனை ₹97,500 நஷ்டமாகக் காட்டும். அந்தப் பொய் நஷ்டத்தை வருமான வரிப் படிவத்தில் ஏற்றிவிட்டால், பின்னால் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தரகர் அல்ல.

2018 ஜனவரி 31 விலை

அந்தத் தேதி வரை வாங்கியவர்கள் அன்றைய உச்ச விலையை, சில நிபந்தனைகளுடன், அடக்கவிலையாகக் கொள்ளச் சலுகை இருக்கிறது. அதற்குப் பிறகு ஸ்ப்ளிட் ஆகியிருந்தால் அந்த விலையையும் வகுக்க வேண்டும்: கனரா வங்கிக்கு ஐந்தால், 2019 செப்டம்பரில் ₹2-லிருந்து ₹1 ஆன எச்டிஎஃப்சி வங்கிக்கு இரண்டால். ஸ்டேட் பாங்க் 2014 நவம்பரிலேயே ₹10-லிருந்து ₹1-க்கு வந்துவிட்டது. அதற்கு ஸ்ப்ளிட்டுக்காக வகுக்க வேண்டியதில்லை.

டிவிடெண்ட் குறைந்துவிட்டது என்று விற்பது

லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டாகக் கனரா வங்கி 2023-24க்குப் பங்குக்கு ₹16.10 அறிவித்தது, 2024-25க்கு ₹4. முன்னது ₹10 முகமதிப்புக்கு, பின்னது ₹2-க்கு. முகமதிப்பின் சதவீதத்தில் பாருங்கள்: 161, பிறகு 200. டிவிடெண்ட் கூடியிருக்கிறது.

விலை குறைந்ததால் ‘மலிவு’ என்று வாங்குவது

வங்கியின் மூலதனம், வாராக்கடன், லாபம் எதுவும் மாறவில்லை.

ரெக்கார்டு தேதியன்று வாங்கி ஐந்து பங்கை எதிர்பார்ப்பது

ரெக்கார்டு தேதி என்பது யாருக்குப் பிரித்த பங்கு என்று வங்கி முடிவு செய்யும் நாள். அன்று திரையில் இருப்பதே பிரித்த விலை. ஒன்று வாங்கினால் ஒன்றுதான்.