பேரில்லாப் பற்று: யூஎஸ்பி டிரைவரின் எரர் லாகைத் திருத்துவது எப்படி?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவரின் பலகாரக் கடை. ஒரு லினக்ஸ் கணினி, அதில் ஒரே மாதிரி இரண்டு யூஎஸ்பி டச் திரைகள்: ஒன்று கல்லாவில், ஒன்று பார்சல் பக்கம். ஏதோ ஒன்று அடிக்கடி தடுமாறியது. டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) நான் எழுதியதுதான். டிமெசேஜில் (லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளை) பார்த்தால் இவ்வளவுதான் (யூஆர்பி என்பது ஒரு யூஎஸ்பி பரிமாற்றக் கோரிக்கை):

யூஆர்பி எரர்
யூஆர்பி எரர்

எட்டிப் பார்த்த ஆச்சி கேட்டார்: "பேரப் போடாம பத்துக் கணக்கு எழுதி வச்சா, யாருகிட்டப்பா போய்க் கேக்குறது?"

அந்தப் பேரேட்டைத் திருத்திய கதை இது. (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்து.)

படி 1: பெயர் போடுங்கள்

கோடில் பிரிண்ட்கே (கெர்னல் லாகில் வெறும் செய்தியை எழுதுவது) எங்கெல்லாம் இருக்கிறது என்று கிரெப் போட்டுத் தேடுங்கள். எரர் சொல்லும் இடங்களில், சாதனத்தின் பெயரையும் சேர்த்து எழுதும் டெவ்_எர் ஆக மாற்றி, முதல் உள்ளீடாக இன்டர்ஃபேஸின் (யூஎஸ்பி சாதனத்தில் டிரைவர் பிடித்துக்கொள்ளும் பகுதி) டிவைஸ் முகவரியைக் கொடுங்கள். சாதனம் கிடைத்ததும் ஓடும் ப்ரோப் சார்புக்கு இன்டர்ஃபேஸ் கையிலேயே வருகிறது. அதை உங்கள் ஸ்ட்ரக்ட்டில் சேமித்து வைத்தால் மற்ற இடங்களிலும் உதவும். இனி லாக் இப்படி வரும்:

கல்லாடச் 1-4:1.0: யூஆர்பி எரர்

முதலில் டிரைவர் பெயர். பிறகு 1 என்பது பஸ், 4 என்பது போர்ட். முக்காற்புள்ளிக்குப் பின்னால் கான்ஃபிகரேஷனும் இன்டர்ஃபேஸும்.

படி 2: சரியான எண்ணைப் போடுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான். யூஆர்பியை அனுப்பும் யூஎஸ்பி_சப்மிட்_யூஆர்பி தோற்றால் காரணம் அது திருப்பித் தரும் மதிப்பில் இருக்கும். நானோ யூஆர்பியின் ஸ்டேட்டஸை அச்சிட எழுதி வைத்திருந்தேன். அது முந்தைய பரிமாற்றம் எப்படி முடிந்தது என்று கால்பேக்கில் (பரிமாற்றம் முடிந்ததும் ஓடும் சார்பு) பார்ப்பதற்கானது. இரண்டையும் தனித்தனி மாறிகளில் வாங்கி, தனித்தனியாக அச்சிடுங்கள். வரி முடிவில் நியூலைன் போட மறக்காதீர்கள்.

படி 3: எரர் அல்லாததை எழுதாதீர்கள்

கால்பேக்கில் ஸ்டேட்டஸாக -2, -104, -108 வந்தால் யூஆர்பியை நிறுத்திவிட்டார்கள், அல்லது சாதனமே போய்விட்டது என்று பொருள். டீபக் செய்யும்போது மட்டும் காட்டும் டெவ்_டிபிஜி போதும், மறுபடி சப்மிட் செய்யாமல் திரும்பிவிடுங்கள். மெமரி கிடைக்காதபோது கெர்னலே புலம்பிவிடும், நாம் வேறு கூடச் சேர்ந்து புலம்ப வேண்டாம்.

-71 வேறு வகை. அது புரோட்டோகால் கோளாறு, பலநேரம் கேபிள் பிரச்சினை. வந்தால் மழை மாதிரி வரும். டெவ்_எர்_ரேட்லிமிட்டட் போட்டால் இயல்பாக 5 விநாடிக்கு 10 வரியோடு நின்றுவிடும்.

படி 4: ஓட்டிப் பாருங்கள்

மேக் கொடுத்து, பழைய மாட்யூலை ஆர்எம்மாடால் கழற்றி, இன்ஸ்மாடால் புதியதை ஏற்றுங்கள். இன்னொரு டெர்மினலில், புது வரிகளை வர வரக் காட்டும் டிமெசேஜ் -டபிள்யூ ஓடட்டும். திரையைப் பிடுங்கிச் செருகினால் எந்தப் போர்ட் எந்தத் திரை என்று தெரிந்துவிடும்.

கடையில் அரை மணியில் வந்த வரி:

கல்லாடச் 1-4:1.0: யூஆர்பி ஸ்டேட்டஸ் -71

கல்லாடச் என்பது டிரைவர் பெயர்தான்; 1-4 போர்ட்டில் இருந்தது பார்சல் பக்கத் திரை. அதன் கேபிள்மேல் சீப்புச் சீடை டின் உட்கார்ந்திருந்தது.